எல்லை தாண்டி மிச்சம், காலடியில் நட்டம்

எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தையோ கோபாலபுரத்தையோ தாண்டிப் போய் தமிழ்நாட்டுப் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்பும் கேரளப் பதிவெண் கார்கள் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. கேரளத்தில் எரிபொருளுக்கு விற்பனை வரி அதிகம். போதாததற்கு 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று லிட்டருக்கு 2 ரூபாய் வேறு. பக்கத்து மாநிலத்தில் சில ரூபாய் குறைகிறது என்றால் அங்கே போவதில் தவறேதும் இல்லை. ஆனால் அப்படி மிச்சம் பிடித்தவர்களே கன்னிமாரி வந்து சேர்வதற்குள் அதைப் புகையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு, "பங்க்காரன் அளவில் அடிச்சுட்டான்" என்று டீக்கடையில் புலம்பல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 83 லிட்டர் போதும். அதே வண்டி ஓட்டுகிறவர் கைவண்ணத்தில் 10 கொடுத்தால் 100 லிட்டர். கூடுதலாகப் போன 17 லிட்டருக்கு 95 ரூபாய் வீதம் 1,600 ரூபாய்க்கு மேல். எல்லை தாண்டி லிட்டருக்கு 3 ரூபாய் மிச்சம் பிடித்திருந்தாலும் அது மாதம் 300 ரூபாயைத் தாண்டாது.

வண்டி பெரிதாக ஆக, காலின் குற்றமும் பெரிதாகிறது. ஒன்றே முக்கால் டன் எடையை ஒவ்வொரு சந்திப்பிலும் சீறிக் கிளப்பி, அடுத்த வேகத்தடையில் சடக்கென்று பிரேக் போட்டு நிறுத்தினால், செலவழித்த டீசல் பிரேக் சூடாகத்தான் போகிறது. முன்னால் சாலையைப் பார்த்து, தடை தெரிந்ததும் காலை எடுத்தாலே பாதிச் சிக்கனம் கைக்கு வந்துவிடும். வேகமும் அப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80-இல் போவதைவிட 100-இல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். நம் ஊருக்கு இன்னொரு வம்பும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே முகத்தில் அறையும் மாதங்களில், பழனிக்குப் போய்வந்த பிறகும் கழற்றாத ரூஃப் கேரியரோடு பொள்ளாச்சியிலிருந்து மேற்கே வருகிறவர் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருகிறார். நாலு போல்ட்தான், கழற்றி வையுங்கள்.

டயர் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கிறது. பங்க்கில் காற்று இலவசம். அது உங்கள் உரிமை. காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நெல்லியாம்பதி, போடிமெட்டு எல்லாம் அதே கதை. இந்த இறக்கங்களில் நியூட்ரலில் விட்டு, இன்னும் சிலர் இன்ஜினையே அணைத்து, "டீசல் மிச்சம்" என்று பெருமை பேசிக்கொண்டு இறங்குகிறார்கள். மிச்சமும் இல்லை, மண்ணும் இல்லை. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டி உருளும் வேகமே இன்ஜினைச் சுழற்றும். இன்ஜெக்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் தன்னைத் தாங்கிக்கொள்ள டீசல் குடிக்கும். அதாவது நியூட்ரலில் இறங்குவதுதான் கூடுதல் செலவு. இன்ஜினை அணைத்தாலோ பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங் கல்லாகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். திரும்பவும் சொல்கிறேன்: இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம், சாவியைத் தொடவே வேண்டாம்.

எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை, "மைலேஜ் 30 சதவீதம் கூடும்" என்று விற்கும் பெட்டி, இவற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு ஏர் ஃபில்டர் மாற்றலாம். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் சிக்கனம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டிருக்கிறது. அந்தக் குறைவுக்குப் பங்க்காரரைத் திட்டிப் பயனில்லை.

உண்மையிலேயே அளவில் ஏமாற்று என்றால்? முதலில் அளந்து பாருங்கள். நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்க்கில் அதேபோல நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை இப்போது ஏறிய லிட்டரால் வகுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யாமல், டேஷ்போர்டில் தெரியும் எண்ணை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? பங்க்கிலேயே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கேளுங்கள். எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம், காட்டியே ஆக வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிவரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட பில்லை மறக்காதீர்கள். பில் இல்லாமல் புகாருக்கு வருகிறவர்கள் பலர், அதனால்தான் பங்க்குகளுக்குப் பயமில்லை.

அடுத்து எங்கே போவது என்பதில்தான் நம்மவர்கள் அலைகிறார்கள். பங்க் கேரளத்தில் இருந்தால் லீகல் மெட்ரோலஜி துறை. பெருமாட்டி சித்தூர் தாலுகா என்பதால் அந்த தாலுகாவுக்கான இன்ஸ்பெக்டரிடம் மனு. பங்க் தமிழ்நாட்டில் என்றால் அங்கே இந்த வேலையைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பொள்ளாச்சிப் பக்கத்துப் புகார் கோவை மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். இங்கே உள்ள அதிகாரி அந்தப் பக்கத்துப் பம்ப்பைத் தொட முடியாது. இதைச் சொல்லி அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் "நாளைக்கு வாங்க" என்று இழுத்தடிக்கும் மேசைகள் இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லை எதுவானாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள்.

இழப்பீடு கேட்க அந்தப் பக்கம் அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆகவே பொள்ளாச்சியில் போட்ட டீசலுக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பில், அளவுக் குறிப்பு, புகார்ப் பக்கத்தின் நகல், துறைக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை, இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். மலையாளம் எழுத வராது என்று அரசு அலுவலகத்துக்குப் போகத் தயங்காதீர்கள். குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. தமிழில் எழுதிக் கொடுங்கள்; வாங்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுதான் கெடு, பில்லை அதுவரை பத்திரமாக வையுங்கள்.