த்வாண்டேயில் வேனிற்காலம்

ஏப்ரல் பிறந்தால் இங்கிலாந்தில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நாட்டுப்புறம் கிளம்பிவிடுகிறார்கள். புளூபெல் பூக்கள் விரித்த காடு, ஹாதார்ன் வேலி, ஆட்டுக்குட்டிகள், ஈரம் காயாத புல்வெளி. படங்கள் மின்னஞ்சலில் வரும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் வசந்தம் என்றால் அதுதான் என்று மனதில் வரித்துக்கொண்டு வெப்பநாட்டு வயல்வெளிக்குப் போகிறவருக்குக் கையில் ஒன்றும் அகப்படாது. 2014-லும் 2018-லும் ஏப்ரல் மாதங்களில் பர்மாவின் த்வாண்டே வட்டாரத்தில் காமிராவோடு அலைந்தவன் என்ற முறையில், அங்கே வேனிற்காலம் எப்படி வருகிறது, அதை எப்படிப் படமெடுப்பது என்று எழுதலாமெனத் தோன்றியது.

த்வாண்டே யாங்கோன் நகருக்கு மேற்கே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சிற்றூர். நான் போனபோது பான்சோடான் துறையில் படகேறி டல்லாவில் இறங்கி, அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் சாலைவழி போகவேண்டியிருந்தது. 2014-லேயே, ஜப்பான் கொடுத்த புதிய படகுகள் அந்தத் துறைக்கு வந்து சேர்ந்தன; அவற்றுக்குச் செர்ரி என்று பெயர். (வசந்தத்தைத் தேடிப் போகிறவனுக்கு நல்ல சகுனம்!) ஊரை ஒட்டி ஓடும் த்வாண்டே கால்வாய் 1880களில் ஆங்கிலேயர் வெட்டியது. சுமார் 35 கிலோமீட்டர் நீளத்தில் யாங்கோன் ஆற்றை ஐராவதியின் கிளையோடு இணைக்கிறது. கால்வாய், ஓடைக்கரைகளில் நீப்பாப் பனை, ஊருக்குள் ஷ்வேசாண்டோ கோபுரத்தின் தங்கக்கூம்பு, மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் சமநிலம்.

பர்மியருக்குப் பருவங்கள் மூன்றே: வெயில், மழை, குளிர். நம்முடைய இளவேனில் அவர்களுடைய வெயில் காலத்துக்குள் விழுகிறது. நவம்பர் முதல் மழை ஏறக்குறைய இல்லை. ஏப்ரலில் பகல் வெப்பம் சாதாரணமாக 37 டிகிரியைத் தொடுகிறது. ஆனாலும் அங்கே வசந்தம் உண்டு. அதை மரங்களில்தான் பார்க்கவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்த்த கிளைகளில் முள்ளிலவு செக்கச்செவேலென்று பூக்கிறது. ஏப்ரலில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளியைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தக் காட்சியை நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். குயிலும் கூவத் தொடங்கிவிடும். அந்தப் பறவையின் பர்மியப் பெயரே அதன் கூவல் ஓசைதான்.

எல்லாவற்றுக்கும் மேலானது படௌக். திஞ்சான் என்னும் அவர்களுடைய புத்தாண்டு நீர்விழா நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருவது. பெயரே சங்கிராந்தி என்ற வடசொல்லோடு உறவுடையது. அந்த நாட்களில் கோடை இடியோடு ஒரு மழை பெய்துவிட்டால் படௌக் மரம் முழுவதும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். மறுநாள் பூவெல்லாம் தரையில் கிடக்கும். பெண்கள் கொத்தாகக் கூந்தலில் செருகிக்கொள்கிறார்கள். இது நம் வேங்கையின் நெருங்கிய உறவு. தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம். குறிஞ்சிப் பாடல்களில் வேங்கை பூப்பதை வைத்துத்தான் தினை அறுவடைக்கும் மணவினைக்கும் நாள் கணித்தார்கள். அதனால் அதற்குக் கணி என்றே பெயர். அக்கரையிலும் இந்தக் குடும்பத்து மரம் புத்தாண்டைச் சொல்லும் சோதிடனாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கொன்றையும் அதே நாட்களில் பூக்கிறது. நம் முல்லைப் பாட்டுகளில் கொன்றை கார்காலத்துக்கு உரியது. பருவமல்லாத மழையை நம்பிக் கொன்றை மடத்தனமாகப் பூத்துவிட்டது என்று தலைவியைத் தோழி தேற்றும் குறுந்தொகைப் பாட்டு ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவமழை யாங்கோனுக்கு வர மே பாதிக்கு மேலாகும். அதற்கு முன்பே ஒரு சித்திரை மழைக்கு ஏமாறிப் பூக்கும் படௌக்கைப் பார்த்தால் அந்தத் தோழியின் வாதம் நன்றாகவே விளங்குகிறது.

இனி ஒளி. இதில்தான் இங்கிலாந்துப் பழக்கம் கைகொடுக்காது. ஏப்ரல் நடுவில் லண்டனில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 48 டிகிரி உயரத்தில் நிற்கிறது. த்வாண்டேயிலோ 83 டிகிரி, அதாவது உச்சந்தலையில். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், முகங்களில் கண்குழி கறுத்துவிடும், வயல் தட்டையாகிவிடும். காலையில் சூரியன் பத்து டிகிரி ஏற லண்டனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். த்வாண்டேயில் செங்குத்தாக ஏறுவதால் நாற்பது நிமிடம்தான். பொன்னொளி என்று புகைப்படக்காரர்கள் கொண்டாடுவது அங்கே அவ்வளவு குறுகியது. ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஐந்தரைக்கு வயலோரத்தில் இருக்கவேண்டும். ஏழுமணிக்குத் தேநீர்க்கடைக்குப் போய்விடலாம். போதாக்குறைக்கு, வைக்கோலும் காட்டுச்சருகும் எரியும் புகை மார்ச், ஏப்ரலில் வானத்தை வெளுக்கவைக்கிறது. போலரைசர் ஃபில்டர் மாட்டினாலும் அந்த வெளுப்பு பெரிதாகப் போவதில்லை. வானத்தைப் படத்துக்குள் குறைவாகச் சேர்ப்பதே வழி.

வெள்ளை வானம் புதிய தொல்லையல்ல. 1855-இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் மிண்டோன் மன்னரிடம் போன தூதுக்குழுவோடு லினேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி பர்மாவைக் காகித நெகடிவ்களில் படமெடுத்தார். அக்காலத்து ரசாயனத்துக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். வானம் வெறுமையாக விழும். மனிதர் நெகடிவின்மேல் தூரிகையால் மேகம் வரைந்துவிட்டார்! அடுத்த சில ஆண்டுகளில் இவரே மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளை 19 அடி நீளத்துக்கு ஒட்டிய தொடர்படம் இவருடையதுதான். நீண்ட எக்ஸ்போஷர் காரணமாக, நடமாடுகிறவர்கள் இவர் படங்களில் பதிவதில்லை. ஊர் இருக்கும், ஆள் இருக்காது.

நண்பகலை வீணாக்காமல் இருக்கக் குயவர் கொட்டகைகளுக்குப் போகலாம். த்வாண்டே மட்பாண்டத்துக்குப் பல நூற்றாண்டுப் பெயர். பச்சைப் பளபளப்புப் பூச்சுக் கலங்கள் சுட்ட பழஞ்சூளைகளை அகழ்வாய்வில் கண்டிருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் தண்ணீர்ப்பானை, பூந்தொட்டி. நான் பார்த்த கொட்டகையில் ஒருவர் காலால் சக்கரத்தை உதைக்க, மற்றவர் மண்ணை எழுப்பினார். தாழ்ந்த கூரைக்குள் பக்கவாட்டில் வரும் ஒளி அருமையானது. அந்தப் பானைகள்தான் சாலையோரத் தாங்கிகளில் வழிப்போக்கருக்காகத் தண்ணீரோடு நிற்கின்றன. நம்மூர்த் தண்ணீர்ப்பந்தல் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

வயலுக்கு வருவோம். த்வாண்டே பழைய ஹந்தவாடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1852-இல் ஆங்கிலேயர் தாழ்பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவில் நெல் விளைந்தது சுமார் ஏழெட்டு லட்சம் ஏக்கர்; 1930களில் 87 லட்சம். சதுப்பைத் திருத்திய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். கூலிக்கு வந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். நெல் விலை சரிந்து கடன் திரும்பாதபோது, ஹந்தவாடி உட்பட்ட பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்த நிலம் 1930-இல் 6 சதவீதமாக இருந்து 1937-இல் 25 சதவீதமாயிற்று. நிலத்தை இழந்த பர்மியரின் கசப்பும், 1942-இல் நடந்தே ஊர் திரும்பிய லட்சக்கணக்கானோரின் துயரமும், 1960களின் தேசியமயமும் வெளியேற்றமும் இந்தச் சமவெளியிலிருந்தே தொடங்குகின்றன. வெற்று நிலக்காட்சி என்று இதைப் பார்க்க நம்மில் யாருக்கும் உரிமையில்லை என்பது என் கருத்து.

இங்கிலாந்து வேலிகளும் அப்படியொன்றும் இயற்கையானவை அல்ல. பொதுநிலங்களைத் தனியுடைமையாக்கிய சட்டங்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நட்டவை அவற்றில் கணிசம். அதற்காக அழுதவர் ஜான் கிளேர் என்ற விவசாயக் கூலிக் கவிஞர். நண்பர்களின் ஹாதார்ன் படங்களைப் பார்க்கும்போது அவர் நினைவு வருகிறது.

சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில் தமிழ் பேசும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். தாத்தா ராமநாதபுரம் பக்கம் என்பதைத் தவிர ஊர்ப்பெயர் தெரியவில்லை அவருக்கு. சுவரில் பச்சை வயல் படம்போட்ட காலண்டர். அதில் ஒரு ஆளும் இல்லை. "பாருங்க தம்பி, காலண்டர்ல வயலு தானா வெளையுது" என்று சிரித்தார். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்து, பங்குனிக்கு முன் பிடுங்கி, குனிந்தே முதுகு போனதை விவரித்தார். இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் மிகப் பெரும்பகுதி பர்மாவிலிருந்துதான் வருகிறது. நாம் சாப்பிடும் தோசையில் அந்த முதுகும் இருக்கக்கூடும்.

ஆகவே நான் சொல்லும் முறை இது: அகல லென்ஸைக் குறைத்து, வேலை செய்கிறவர்களிடம் முதலில் பேசிவிட்டு, அவர்கள் அளவில் நிலத்தைப் பாருங்கள். கதிர் அடிக்கும் களம், கால்வாயில் பானை ஏற்றும் படகு, படௌக் கொத்தோடு சைக்கிளில் போகும் பெண் ஆகியவை காலையின் நாற்பது நிமிடத்துக்குள் தாராளமாகக் கிடைக்கும். யாங்கோன் ஸ்டுடியோவில் அச்சுப்போட்டு அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் வீட்டோடு பழைய படங்களையும் இழந்தவர்கள் டெல்டாவில் நிறைய. சித்திரை முடிவதற்குள் வந்த அந்தப் புயலில் இறந்தும் காணாமலும் போனவர்கள் சுமார் 1,38,000 பேர்.

2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு நான் போகவில்லை. முகம் தெரியும் படங்களை அன்றிலிருந்து யாருக்கும் அனுப்புவதும் இல்லை. பானைகள், படௌக், கால்வாய் ஆகியவற்றின் படங்களைக் கேட்பவர்களுக்குத் தருகிறேன்.