காற்றின் விலை

தமிழகத்தில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலியில் இருப்பவை பழுப்பு நிலக்கரிக்கான திறந்தவெளிச் சுரங்கங்களே. அதனால்தானோ என்னவோ, திருவண்ணாமலையில் மாலை நேரத்தில் மின்விளக்கைப் போடும் என் போன்றோர் பூமிக்கடியில் இறங்குவோரைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்திலும் தெலங்கானாவிலும் இன்றும் பல்லாயிரம் பேர் அவ்வாறு இறங்குகிறார்கள். 2030-ஆம் ஆண்டுக்குள் நிலத்தடி உற்பத்தியை 10 கோடி டன்னாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. ஆகவே இறங்குவோரின் எண்ணிக்கை கூடலாம்.

அவர்களின் முதல் எதிரி மீத்தேன். நிலக்கரிக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் இவ்வாயு, கரியை வெட்டும்போது வெளியேறுகிறது. நிறமும் மணமும் இல்லாதது. காற்றைவிட இலேசானது என்பதால் சுரங்கக் கூரையை ஒட்டித் தேங்கும். காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி போதும். அந்த வெடிப்பு கரித்தூளையும் கிளப்பி எரித்துவிட்டால் சேதம் பன்மடங்காகும். தீயிலிருந்து தப்பியவர்களையும் கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும். ஜார்க்கண்டில் பட்டடி சுரங்கத்தில் 2006 செப்டம்பரில் 50 தொழிலாளர்களைப் பலிகொண்ட விபத்தை நாடு எளிதில் மறக்கலாகாது.

இதற்கான தீர்வு புதிதன்று. ராட்சத மின்விசிறிகள் ஒரு வழியாகத் தூய காற்றைச் சுரங்கத்துக்குள் இழுத்து, மறுவழியாக வாயு கலந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு தொழிலாளிக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர், அல்லது ஒரு டன் அன்றாட உற்பத்திக்கு நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு காற்று தேவை என்பது நம் நாட்டு விதி. மீத்தேன் 1.25 சதவீதத்தைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்களை வெளியேற்ற வேண்டும். வெடிக்கும் அளவுக்கு வெகு முன்பே விதி கோடு கிழித்துவிடுகிறது.

பிறகு ஏன் விபத்துகள்? இங்குதான் பொருளாதாரம் நுழைகிறது. விசிறி ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் செலவு; எச்சரிக்கை மணி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி இழப்பு. இவை கணக்கில் உடனே தெரியும். நிகழாமல் போன விபத்தின் லாபமோ எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் இதற்குச் சான்று. 2010 நவம்பரில் அங்கு 29 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய 48 நாள்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை பதிவாகியிருந்ததை விசாரணை ஆணையம் கண்டறிந்தது. கருவிகள் எச்சரித்தன. ஆனால், உற்பத்தியைத் தொடங்கும் அவசரத்தில் இருந்த நிர்வாகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

எனவே, உணரிகளை வாங்குவதோடு பொறுப்பு முடிந்துவிடாது. அவற்றின் அளவீடுகள் நிர்வாகத்தின் திரைக்குச் செல்லும் அதே நொடியில் பாதுகாப்பு ஆய்வாளரின் திரைக்கும் செல்ல வேண்டும். வாயு காரணமாக வேலை நின்றால் தொழிலாளியின் கூலி குறையக் கூடாது. வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ள மேற்பார்வையாளரின் ஊக்கத்தொகையை உற்பத்தி டன்னோடு பிணைக்கவும் கூடாது. இவற்றுக்கு ஆகும் செலவு நிலக்கரியின் விலையில் சேரட்டும். மின் கட்டணத்தில் சில காசுகள் கூடினாலும் அதைச் செலுத்த வேண்டியவர்கள் நாமே.