நமக்குத் தலைநாள், அவர்களுக்குக் கடைநாள்

சித்திரை முதல் நாள் காலை, எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் என்னிடம் கேட்டான்: "மாமா, நமக்கு இன்றைக்கு வருஷப் பிறப்பு. என் சிநேகிதர்களுக்கெல்லாம் நாளைக்கு. யார் கணக்கு தப்பு?"

கொல்கத்தாவில் குடியேறிய நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாத ஆண்டு இல்லை. பதில் எளிது. இரண்டு கணக்கும் சரிதான்.

தமிழரும் வங்காளியரும் சூரியன் ராசி மாறுவதை வைத்தே மாதங்களைக் கணக்கிடுகிறோம். சூரியன் மறைவதற்குள் ராசி மாறிவிட்டால், நம் வழக்கப்படி அன்றே மாதம் பிறந்துவிடும். வங்காள வழக்கம் வேறு. நள்ளிரவுக்குள் ராசி மாறினால் அந்த நாள் பழைய மாதத்தின் கடைசி நாள். மறுநாள்தான் புது மாதம். ஆகவே, பெரும்பாலும் ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை 1, அவர்களுக்குச் சைத்ர சங்கராந்தி. மறுநாள் 15ஆம் தேதி 'பொய்லா பைசாக்'. அன்று கடைக்காரர்கள் புதுக்கணக்கு தொடங்கி, வாடிக்கையாளருக்கு இனிப்பு வழங்குவார்கள்.

பொங்கலும் அப்படியே. நமக்குத் தை முதல் நாள்; அவர்களுக்குப் பௌஷ மாதக் கடைசி நாள். நாம் புதுப்பானையில் பொங்கலிடுகிறோம். அவர்கள் புது அரிசி மாவும் ஈச்ச வெல்லமும் சேர்த்துப் 'பிட்டே' செய்கிறார்கள். கங்காசாகரில் லட்சக்கணக்கானோர் நீராடுவதும் அப்போதுதான். பஞ்சாங்கக் கணிதம் மாறுபடுவதால், சில ஆண்டுகளில் இது ஒரு நாள் முன்பின் ஆவதுண்டு.

சரஸ்வதி பூஜை நமக்கு நவராத்திரியின் ஒன்பதாம் நாள். மறுநாள் விஜயதசமியன்று குழந்தைக்கு எழுத்தறிவிக்கிறோம். இங்கே அது தை அல்லது மாசியில் வரும் வசந்த பஞ்சமியன்று. சிலேட்டில் முதல் எழுத்து எழுதவைக்கும் 'ஹாத்தே கொரி'யும் அன்றே. அதுவரை இலந்தைப் பழம் தின்னக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுப்பார்கள். ஆயுத பூஜைக்கு ஈடானது செப்டம்பர் 17ஐ ஒட்டி வரும் விசுவகர்மா பூஜை; அன்று வானமெங்கும் பட்டம் பறக்கும்.

தீபாவளிக்கு நாம் சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். அவர்கள் அமாவாசை இரவில் காளியை வழிபடுகிறார்கள். பல ஆண்டுகளில் இரண்டும் ஒரே தேதியில் அமையும். 2017இல் நமக்கு அக்டோபர் 18, காளி பூஜை 19.

நீண்ட விடுமுறை என்றால் இங்கே துர்கா பூஜைதான். 2021இல் யுனெஸ்கோ, கொல்கத்தாவின் துர்கா பூஜையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மில் பலர் ஊருக்குப் போவதும் அந்த விடுமுறையில்தான். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆனால் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால் வீட்டில் கொலு வைப்பது யார்?

பொங்கலின்போது நிலைமை நேர்மாறு. தமிழ்நாட்டைப் போன்ற தொடர் விடுமுறை இங்கே இல்லை. கேள்வி கேட்ட சிறுவனுக்குக் கடந்த பொங்கலன்று பள்ளியில் தேர்வு. விளக்கேற்று முன்பே வண்டி வந்துவிட்டதாம். இப்படி நான்கைந்து ஆண்டுகள் கழிந்தால், பொங்கல் என்பது அம்மா மட்டும் கொண்டாடும் பண்டிகை என்றே பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே வீட்டு நாட்காட்டியில் இரண்டு வழக்கத்து நாட்களையும் குறித்து வையுங்கள். பள்ளிக்கு முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுங்கள். அது முடியாவிட்டால் மாலையில் பிள்ளைகள் வந்த பிறகு பொங்கலிடுங்கள். சூரியனுக்குக் காலையில் ஒரு கும்பிடு போதும். லேக் மார்க்கெட்டில் வாழையிலை கிடைக்கும். ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலை எதிர்வீட்டுக்குப் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். திரும்பி வரும் கிண்ணத்தில் பிட்டே இருக்கும். யார் கணக்கும் தப்பில்லை என்பதை அவர்கள் அப்போது தாமே அறிவார்கள்.