மண்ணில் கந்தகம் என்ன செய்கிறது?

வேர் கந்தகத்தைக் கந்தகமாகவே உறிஞ்சுவதில்லை. மண்ணின் ஈரத்தில் சல்பேட்டாகக் கரைந்து நின்றால்தான் அது பயிருக்குள் போகும். உரக்கடையில் கந்தகச் சத்து என்று விற்கப்படுபவை இரு வகை. அம்மோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட், ஜிப்சம் ஆகியவற்றில் கந்தகம் ஏற்கெனவே சல்பேட்டாக இருக்கிறது. கரைந்த உடனே பயிர் எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் தூளாகவோ, பெண்டோனைட் களிமண் சேர்த்த குருணையாகவோ வரும் தனிமக் கந்தகம் தண்ணீரில் கரையாது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் முதலில் அதைக் கந்தக அமிலமாக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதில்தான் கந்தக உரம் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

கந்தகத்துக்கென்று தனியாக உரம் போடும் தேவை ஒரு காலத்தில் அதிகம் எழவில்லை. தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட்டும் மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட்டும் போட்டபோது, முன்னதில் சுமார் 24 சதவீதமும் பின்னதில் சுமார் 11 சதவீதமும் கந்தகம் கேட்காமலே வந்து சேர்ந்தது. அவற்றின் இடத்தை யூரியாவும் டி.ஏ.பி.யும் பிடித்தன. இரண்டிலும் கந்தகம் இல்லை. ஐரோப்பாவில் கதை வேறு விதம். அங்கே நிலக்கரிப் புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடு மழையோடு வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. அமில மழையைத் தடுக்கப் புகையைக் கட்டுப்படுத்தியதும், 1980களிலிருந்து கடுகு இனப் பயிர்களில் கந்தகப் பற்றாக்குறை தலைகாட்டியது. இந்தியாவில் 2023இல் கந்தகம் பூசிய யூரியா ‘யூரியா கோல்டு’ என்ற பெயரில் அறிமுகமானது. அதில் தழைச்சத்து 37, கந்தகம் 17 சதவீதம்.

கந்தகம் குறைந்தால் முதலில் வீணாவது தழைச்சத்துதான். புரதத்தைக் கட்டும் சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களில் கந்தகம் இருக்கிறது. பயிர்ப் புரதத்தில் ஏறத்தாழ 15 பங்கு தழைச்சத்துக்கு ஒரு பங்கு கந்தகம் வேண்டும். அந்த ஒரு பங்கு கிடைக்காவிட்டால் எடுத்த நைட்ரேட் புரதமாகாமல் இலையில் தேங்கும். பயிர் வெளுத்துத் தெரிவதால் இன்னொரு மூட்டை யூரியா விழும்; பலன் இருக்காது. வித்தியாசத்தை இலையே காட்டிக்கொடுக்கும். தழைச்சத்துக் குறைவில் அடி இலைகள் மஞ்சளாகும். கந்தகக் குறைவில் கொழுந்துதான் முதலில் வெளுக்கும்.

தனிமக் கந்தகத்தின் வேலை இதிலிருந்து மாறுபட்டது. 1916இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜேக்கப் லிப்மனும் உடன் பணியாற்றியவர்களும் கந்தகத் தூளையும் கரையாத பாறைப் பாஸ்பேட்டையும் மண்ணோடு கலந்து வைத்து, உருவாகும் அமிலம் மணிச்சத்தைக் கரைப்பதைக் காட்டினார்கள். அந்த அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியத்தை 1922இல் அதே இடத்தில் பிரித்து விவரித்தவர்கள் செல்மன் வாக்ஸ்மனும் ஜேக்கப் ஜோஃபியும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டதற்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே வாக்ஸ்மன்தான். தான் உண்டாக்கும் கடும் அமிலத்திலேயே வாழக்கூடிய இந்தப் பாக்டீரியத்துக்குக் காற்று, ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் வேண்டும். தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு வேகமாக வேலை நடக்கும். நீர் தேங்கிய மண்ணில் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே போட்டால்தான் தனிமக் கந்தகம் அந்தப் பருவத்துக்கு உதவும்.

அமிலம் பிறந்தால் மண்ணின் பி.எச். இறங்கும், பி.எச். இறங்கினால் பூட்டிக் கிடந்த சத்துகள் விடுபடும். வேதியியல் கணக்குப்படி, பி.எச். ஓர் அலகு குறையும்போது மண்நீரில் இரும்பு அயனி ஆயிரம் மடங்கும் துத்தநாக அயனி நூறு மடங்கும் கூடக்கூடும். கால்சியத்தோடு இறுகிய மணிச்சத்தும் இளகும். ‘கந்தகம் போட்டால் மற்ற சத்துகளும் கிடைக்கும்’ என்ற விளம்பரப் பேச்சுக்கு அடிப்படை இதுதான். பேச்சில் பொய்யில்லை. ஆனால் அளவைப் பார்த்தால் சங்கடம்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலில் ஒரு கட்டியை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு சொட்டு விட்டால் புசுபுசுவென்று நுரைக்கும். சோளமும் கடலையும் இரும்புக் குறைவால் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி வெளிறி நிற்பது இத்தகைய மண்ணில்தான். ஓர் எக்டேரின் மேல்மண் சுமார் 20 லட்சம் கிலோ. அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்று வைத்தால் நூறு டன். ஒரு கிலோ கந்தகம் தரும் அமிலம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். அத்தனையையும் தீர்க்க 32 டன் கந்தகம் கொட்ட வேண்டும். பயிருக்குப் பரிந்துரைக்கப்படுவதோ எக்டேருக்கு 20 முதல் 40 கிலோ. நிலம் முழுவதும் தூவிய 40 கிலோ அந்த மண்ணின் பி.எச்.ஐ அசைக்காது. அதையே மணிச்சத்து உரத்தோடு சேர்த்து விதை வரிசையை ஒட்டிக் கோடாக இட்டால், அந்தக் குறுகிய பட்டையில் மட்டும் அமிலம் திரண்டு, வேர் தொடும் இடத்தில் மணிச்சத்தும் இரும்பும் துத்தநாகமும் இளகும். எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பது இங்கே முக்கியம்.

ஜிப்சம் பி.எச்.ஐக் குறைக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. சாதாரண மண்ணில் அது கால்சியமும் சல்பேட்டும் தரும், அமிலம் தராது. களர் நிலத்தில் மட்டும் கதை மாறும். அங்கே களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் வெளியேற்றுகிறது. நீர் பாய்ச்சி வடித்தால் சோடியம் சல்பேட்டாகக் கழுவிப்போகும், பி.எச்.சும் இறங்கும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. சுண்ணாம்பும் உள்ள களர் மண்ணில் தனிமக் கந்தகமும் இந்த வேலையைச் செய்யும்: அதன் அமிலம் மண்ணிலேயே ஜிப்சத்தை உருவாக்கிவிடுகிறது.

நிலக்கடலைக்கு ஜிப்சம் இன்னொரு காரணத்துக்காக வேண்டும். காய் தனக்குத் தேவையான கால்சியத்தை வேர் வழியாகப் பெறாமல், மண்ணுக்குள் இறங்கிய விழுது வழியாகவும் ஓட்டின் வழியாகவும் நேரடியாக உறிஞ்சுகிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் இறவைக் கடலைக்கு விதைத்த 40 முதல் 45 நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் தூவி, மண் அணைக்கச் சொல்கிறார்கள். விட்டால் ஓடு மட்டும் இருக்கும், உள்ளே பருப்பு இல்லாத பொக்குக் காய் மிஞ்சும். கூடவே வரும் சல்பேட் எண்ணெய்ச் சத்துக்கு உதவும்.

அம்மோனியம் சல்பேட்டும் மண்ணை அமிலமாக்கும். அதில் குற்றவாளி சல்பேட் இல்லை, அம்மோனியம். அது நைட்ரேட்டாக மாறும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன. நூறு கிலோ உரத்தின் அமிலத்தைச் சமன்செய்ய சுமார் 110 கிலோ சுண்ணாம்பு வேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெடில் 1856இல் தொடங்கி இன்றும் நடக்கும் பார்க் கிராஸ் சோதனையில், சுண்ணாம்பிடாமல் ஆண்டுதோறும் இந்த உரம் பெற்ற பாத்திகளில் பி.எச். 4க்கும் கீழே போனது. ஏற்கெனவே புளித்த செம்மண்ணில் இப்படி நடந்தால் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். மணிச்சத்து இரும்போடும் அலுமினியத்தோடும் மறுபடி பூட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் சத்தை விடுவிக்கும் அதே அமிலம் இங்கே சத்தைக் கட்டிப்போடுகிறது.

நீர் நிற்கும் நெல் வயலில் எல்லாம் தலைகீழ். காற்றில்லாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் சல்பேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. தூரைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகிய முட்டை வாடை வரும். வேரில் இரும்பு சல்பைடு கறுப்பாகப் படிந்திருக்கும், காற்றில் விட்டால் சற்று நேரத்தில் துருநிறமாகும். இரும்பு நிறைந்த மண்ணில் சல்பைடு இப்படிக் கட்டுப்பட்டுவிடும். இரும்பு குறைந்த மணல்சாரி நிலத்தில் அது வேரை நேரடியாகத் தாக்கும். துத்தநாகமும் சல்பைடாகப் படிந்து கிடைக்காமல் போகலாம். வயலை இடையிடையே காயவிட்டால் சல்பைடு மீண்டும் சல்பேட்டாகும்.

சல்பேட்டுக்குப் போட்டியும் உண்டு. மணிச்சத்து அதிகமாக விழுந்தால், அமில மண்ணின் துகள்களில் ஒட்டியிருந்த சல்பேட் இடம்விட்டு மண்நீருக்கு வந்து, மழையில் ஆழத்துக்கு அரித்துப்போகும். வேரில் சல்பேட் நுழையும் வழியிலேயே மாலிப்டினமும் செலினியமும் நுழைவதால், சல்பேட் மிகுந்தால் அவை குறையும். மாலிப்டினம் குறைந்தால் பயறு வகைகளின் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைப் பிடிப்பதில் தளரும்.

இந்தியாவில் மண்வள அட்டையில் சோதிக்கப்படும் 12 அளவுகளில் கந்தகமும் ஒன்று. ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் மேல்மண்ணில் எடுத்த மாதிரி முழுக் கணக்கைச் சொல்லாது. மணல் நிலத்தில் அரித்துப்போன சல்பேட் பெரும்பாலும் கீழே களி அடுக்கில் தங்கியிருக்கும். ஆழமாக வேர் விடும் பயிர் அதைத் தொட்டுவிடும். மேலோட்டமாக வேர் விடும் வெங்காயத்துக்கு அது எட்டாது.