பெட்டிக்குள் ஓர் ஆட்டுக்குட்டி



"பரீட்சை நெருங்கும் வேளையில் பொய்க்கதை படிக்கிறாயே!" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வது நாம் அறிந்ததே. பேசும் ரோஜாவாலும் நரியாலும் நமக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். அதற்கு என்னால் இயன்ற விடையை இச்சிறு கட்டுரையில் கூற விழைகிறேன்.

கற்பனைக் கதைகள் பல வகைப்படும். பஞ்சதந்திரக் கதைகள் நீதி புகட்டும். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் மன்னர்களும் வேதாளமும் வந்து நம்மை வியப்பில் ஆழ்த்தினர். இவையன்றி வேறொரு வகையும் உண்டு. அதில் போர் இல்லை, புதையல் இல்லை. கவிதை போன்ற நடையும் குழந்தையின் குறும்புமே அதன் அணிகலன்கள். லூயிஸ் கரோல் 1862இல் படகில் செல்லும்போது மூன்று சிறுமியருக்குச் சொல்லி, 1865இல் நூலாக வெளியிட்ட ஆலிஸின் கதை இவ்வகையினது. பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான அந்த்வான் து செந்த்-எக்சுபெரி 1943இல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' மற்றொன்று. வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோர் இதைப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்க, 1981இல் க்ரியா பதிப்பகம் வெளியிட்டது.

பாலைவனத்தில் பழுதாகி இறங்கிய விமானி ஒருவர், வேற்றுக் கோளிலிருந்து வந்த சிறுவனைச் சந்திக்கிறார். அவன் ஓர் ஆட்டுக்குட்டி வரைந்து தரச் சொல்கிறான். அவர் வரைந்த எந்த ஆடும் அவனுக்குப் பிடிக்கவில்லை. இறுதியில் ஒரு பெட்டியை வரைந்து, ஆடு அதற்குள் இருப்பதாகச் சொல்கிறார். சிறுவன் மகிழ்கிறான்! இக்கதைகளின் இனிமை இதில்தான் அடங்கியுள்ளது. ஆசிரியர் எல்லாவற்றையும் வரைந்துவிடாமல் நமக்காக ஓர் இடத்தை ஒழித்து வைக்கிறார். நிமிடத்திற்கு ஒருமுறை விளக்கேற்றி அணைப்பவன் அக்கதையில் வருகிறான். அவனைப் படித்தபோது, எங்கள் முட்டம் கலங்கரை விளக்கின் ஒளியை அல்லவா நான் கண்டேன்!

கதை முடிவில் பாம்பு தீண்டி இளவரசன் சாய்கிறான். விடிந்ததும் அவன் உடலைக் காணவில்லை. ஆகவே அவன் தன் கோளுக்குத் திரும்பிவிட்டான் என்று விமானி நம்புகிறார்.

இந்நூலாசிரியரின் முடிவும் வியப்புக்குரியதே. 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து விமானத்தில் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. 1998இல் மார்சேய் நகருக்கு அருகே ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் அவர் பெயர் பொறித்திருந்தது. பின்னர் அக்கடலில் விமானத்தின் பாகங்களும் கிடைத்தன. அவை அவருடைய விமானத்தினுடையவையே என்று 2004இல் உறுதியாயிற்று.

தோழியரே, கடற்கரைப் பிள்ளைகளாகிய நமக்கு இது தொலைதூரச் செய்தியா? 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த என் சித்தப்பாவும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் மகனுக்கு அப்போது நான்கு வயது. சென்ற கோடை விடுமுறையில் தூத்தூருக்குச் சென்றபோது அவனுக்கு இக்கதையை வாசித்துக் காட்டினேன். முடிவைக் கேட்டவன், "உடம்பு கிடைக்கலேன்னா வீட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தமா, அக்கா?" என்றான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசி" என்றான். வாசித்தேன். அன்றிரவு தன் தந்தையைப் பற்றி அவனாகவே பேசினான். நான் அறிய அதுவே முதல் முறை. சித்தி சமையலறை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நேராகக் கேட்க முடியாத ஒன்றை ஓர் இளவரசனைச் சாக்காக வைத்துக் கேட்க முடிகிறது. பொய்க்கதையின் பயன் இதுவே. ஆகவே, நம் தம்பி தங்கையருக்கு இத்தகைய நூல்களை வாசித்துக் காட்டுவோம். அவர்கள் கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும் அருகில் அமர்ந்திருப்போம்.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி