‘வயசாச்சு, அப்படித்தான்!’

கியூபாவில் 6.3 சதவீதம். நம்ம கணியம்பாடியில் 0.3 சதவீதம். 65 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் என்று எடுத்த கணக்கு இது. 2008-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அதில் ‘இந்தியக் கிராமம்’ என்று இருப்பது வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம்தான்.

ஆய்வு செய்தது ‘10/66’ குழு. குழு தொடங்கிய காலத்தில், டிமென்ஷியா வந்தவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருந்தார்கள். ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. பெயர்க் காரணம் அதுதான். இங்கே பொறுப்பு வகித்தவர் வேலூர் சி.எம்.சி. மனநல மருத்துவர் கே.எஸ்.ஜேக்கப்.

அப்படியானால் நம் ஊரில் மறதி நோயே இல்லையா? பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்தும்படி அந்தக் குழு தானே ஓர் அளவுகோல் செய்து வைத்திருந்தது. அதில் அளந்தபோது, ஆய்வு நடந்த எந்த ஊரிலும் கணக்கு 5.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

வித்தியாசம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. 0.3 சதவீதம் என்று காட்டிய பழைய அளவுகோலின்படி, அன்றாட வேலையில் தடுமாற்றம் இருந்தால்தான் அது நோய். மருமகளே தட்டில் சோறு போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ரேஷன் கடைக்கும் போய் வந்துவிட்டால் பாட்டி எதில் தடுமாறுவார்? கேட்டால், “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். பாசம்தான். ஆனால் நோயையும் அதுவே மூடி வைத்துவிடுகிறது.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அந்த மூடி இப்போது விலகுகிறது. மருமகள் காலையிலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். அடுப்பில் வைத்த பால் கரிந்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் பல வருடம் ஓடியிருக்கும்.

புது மருந்துகளுக்கு அந்த வருடங்கள்தான் முக்கியம். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில் மூளை செல்களுக்கு வெளியே அமிலாய்டு படிகிறது, உள்ளே டௌ புரதம் முறுக்கிக்கொள்கிறது. மறதி தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே இது ஆரம்பித்துவிடும். 2023-ல் அமெரிக்கா அனுமதித்த லெக்கனெமாப், 2024-ல் அனுமதித்த டோனனெமாப் இரண்டும் அமிலாய்டைக் கரைப்பவை. லெக்கனெமாபை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. 18 புள்ளி அளவுகோலில் அது அரைப் புள்ளிகூட இல்லை. மூளை வீக்கம், ரத்தக்கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. வேறு. அதுவும் ஆரம்ப கட்ட நோயாளிக்கு மட்டும். பால் கரிந்த பிறகு வருகிறவருக்கு இந்த மருந்து இல்லை.

காரணங்களைப் பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை, திருத்தக்கூடிய 14 காரணங்களோடு சேர்ந்தது என்று 2024-ல் லான்செட் ஆணையம் சொன்னது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை எல்லாம் பட்டியலில் உண்டு. காது மந்தமும் உண்டு. தோல் பதனிடும் டிரம் இரைச்சலில் காலம் தள்ளியவர்கள் உள்ள ஊரில் காது மெஷினை இன்னும் கௌரவக் குறைச்சலாக நினைப்பது எனக்குப் புரியவில்லை.

2021-லிருந்து தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். பாட்டியின் பிரஷரைப் பார்த்துவிட்டு மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “போன வருஷம் அவங்களே செஞ்சதுல, இப்ப நீங்க செஞ்சு குடுக்கிறது எது?”