சின்ன ஸ்பீக்கரில் தவில் கேட்குமா?

மலேசியாவின் கோலா குபு பாருவில், வீட்டு வரவேற்பறையில் மின்னல் எஃப்.எம். வானொலி கேட்க இன்று ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரும் இணையமும் போதும். எதை வாங்குவது என்பதை அதன் பேச்சுத் திறனைவிட, உள்ளிருக்கும் ஒலிக்கூம்பின் அளவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கூகுள் நெஸ்ட் மினியில் 40 மி.மீ. கூம்பு ஒன்றுதான். நெஸ்ட் ஆடியோவில் 75 மி.மீ. கூம்பும், உச்ச ஒலிக்கெனத் தனியே 19 மி.மீ. கூம்பும் உண்டு. தாழ்ந்த ஒலி எழ நிறையக் காற்று அசைய வேண்டும். அதனால் செய்தி வாசிப்பவரின் குரல் சிறியதில் தெளிவாகவே கேட்கும். ஆனால் தவிலில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தின் முழக்கம் மெலிந்துவிடும்.

மென்பொருள் இக்குறையைத் தீர்க்காதா என்று கேட்கலாம். ஓரளவு தீர்க்கும். ஆனால் சத்தத்தைக் கூட்டும்போது, சின்னக் கூம்பின் ஒலி சிதையாமலிருக்க அதே மென்பொருள் தாழ்ந்த ஒலியைக் குறைத்துவிடுகிறது. கடையில் கேட்டாலே தெரிந்துவிடுமே என்பதும் முழுச் சரியல்ல. சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு. ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்தில், தெரிந்த பாட்டை வைத்தே ஒப்பிடுங்கள். வானொலிப் பேச்சுக்குச் சிறியது போதும். இசைக்குப் பெரியதையே வாங்குங்கள்.